மேப்பிள் லீவ்ஸ் ட்ரேட் பற்றி வாதாடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் ஐஸ் ஹொக்கி விளையாட யாருமில்லை. ஆனால் கனடாவில் ரொறன்ரோ பக்கத்து ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் அண்ணன், அக்கா, சித்தப்பா பிள்ளைகள் இருக்கிற வீடுகள் வன்னி முழுக்க இருக்கின்றன, அந்த வீடுகளில் ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணிக்கு ஆதரவாளர்களும் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே விடிய ஐந்தரைக்கு. ஆட்டத்தைப் பார்க்கிறவர்களை விட, எந்த வீரரை 'ட்ரேட்' செய்தார்கள், அதாவது வேறு அணிக்குக் கொடுத்துக் கைமாறு வாங்கினார்கள், ஏன் அப்படிச் செய்தார்கள் என்று தொலைபேசியில் சண்டை பிடிக்கிறவர்கள்தான் அதிகம். சண்டை பிடிப்பதில் தவறில்லை. பிழையான இடத்தில் பிடிப்பதுதான் வீண்.

அணியை விட்டுப் போன வீரரைத் துரோகி ஆக்குவது முதல் தவறு. நாம் பழகியது ஊர் விளையாட்டுக் கழகம். ஒரு பெடியன் தன் ஊருக்கு உதைபந்து விளையாடிவிட்டு, அடுத்த சுற்றுப்போட்டியில் பக்கத்து ஊருக்கு இறங்கினால் ஊரே முகம் சுளிக்கும், ஏனென்றால் அந்த முடிவை எடுத்தவன் அவன். லீவ்ஸ் விளையாடும் வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்.எச்.எல். அப்படியில்லை. ஒப்பந்தம் இருக்கும் வரை வீரரை எங்கே அனுப்புவது என்பது அணியின் உரிமை. போகச் சொன்னால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். சில மூத்த வீரர்களின் ஒப்பந்தத்தில் மட்டும் 'என் சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது' என்ற நிபந்தனை இருக்கும்.

மிச் மார்னர் விடயத்தில் இந்த நிபந்தனையை மறந்துவிட்டுக் கதைக்கிறவர்கள் அதிகம். அவர் மார்க்கத்தில் பிறந்தவர், அதாவது எங்கள் சொந்தக்காரர்கள் வீடு வாங்கியிருக்கிற ஊர்ப் பிள்ளை. ஒன்பது பருவங்கள் லீவ்ஸுக்கு விளையாடினார். 2025 யூன் 30இல் வேகாஸ் அணிக்குப் போனபோது கைமாறாக வந்தவர் நிக்கொலா ரோய் ஒருவர்தான். 'இவ்வளவு பெரிய வீரருக்கு ஒருவரா?' என்று கொதித்தார்கள். அவரது ஒப்பந்தம் முடிகிற நாள் அது. விட்டிருந்தால் அடுத்த நாளே வெறுங்கையோடு போயிருப்பார். முன்கூட்டியே விற்க அணி நினைத்தாலும் அவரது சம்மதம் வேண்டும். கோபப்படுவதென்றால் 2025 யூனைப் பார்த்துக் கோபப்படக் கூடாது, அந்த நிபந்தனையை எழுதிக் கையெழுத்திட்ட 2019ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது, முடிவு யாருடையது என்று பார்க்காமல் திட்டுவது. 1988 ஓகஸ்ட் 9 அன்று எட்மன்டன் ஒயிலர்ஸ் அணி, ஹொக்கியின் பெரும் நட்சத்திரமான வெய்ன் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்குக் கொடுத்தது. கனடிய பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அரசாங்கமே இதைத் தடுக்க வேண்டும் என்று கேட்கும் அளவுக்கு நாடு கலங்கியது. நிறையப் பேர் அவரது மனைவியைத் திட்டினார்கள். அவர் நடிகை, ஹொலிவூட்டுக்காகத்தான் கணவரை இழுத்துப் போனார் என்றார்கள். உண்மையில் அந்தப் பேரத்தில் 15 மில்லியன் டொலர் பணம் கைமாறியது, அந்தப் பணம் தேவைப்பட்டது அணியின் உரிமையாளருக்கு. புதிதாகக் கல்யாணமான ஒரு பெண்ணின் தலையில் அந்தப் பழியைப் போட்டது அநியாயம். உரிமையாளர், தலைவர், பொது முகாமையாளர், பயிற்றுநர் என்று நான்கு பேர் இருக்கிறார்கள். வீரரை வாங்குவதும் விற்பதும் பொது முகாமையாளர் வேலை, யாரைக் களத்தில் இறக்குவது என்பது பயிற்றுநர் வேலை. இதைப் பிரிக்காமல் 'மனேஜ்மென்ட் சரியில்லை' என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. இன்னொன்று, கிரெட்ஸ்கி போன பிறகும் எட்மன்டன் 1990இல் லீக்கின் சம்பியன் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. அவர் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு தடவையும் வெல்லவில்லை.

எல்லாவற்றிலும் ஆழமான தவறு, விளைவை வைத்து முடிவை அளப்பது. 2006இல் லீவ்ஸ், டூக்கா ராஸ்க் என்ற இளம் கோல் காப்பாளரை பொஸ்டனுக்குக் கொடுத்து அன்ட்ரூ ரேக்ராஃப்டை எடுத்தது. ராஸ்க் 2014இல் லீக்கின் சிறந்த கோல் காப்பாளர் விருதை வாங்கினார், ரேக்ராஃப்ட் ரொறன்ரோவில் நிலைக்கவில்லை. இன்றைக்குப் பார்த்தால் முட்டாள்தனம். ஆனால் அன்றைக்கு ரேக்ராஃப்ட் சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, லீவ்ஸிடம் ஜஸ்ரின் பொக் என்ற இன்னொரு இளம் காப்பாளரும் இருந்தார். கணிப்பு பிழைத்தது, ஆனால் கணிப்பு என்று ஒன்று இருந்தது.

2009இல் நடந்த பில் கெசல் ட்ரேட் வேறு விதம். கெசலுக்காக லீவ்ஸ் கொடுத்தது இரண்டு முதற்சுற்றுத் தெரிவுகளும் ஓர் இரண்டாம் சுற்றுத் தெரிவும். புதிய இளைஞர்களை எடுக்கும் அந்த உரிமைதான் ஓர் அணியின் விதைநெல். கெசல் நன்றாகத்தான் விளையாடினார், கோல் அடித்தார், அவரில் குறையில்லை. ஆனால் அந்தப் பருவத்தில் லீவ்ஸ் லீக்கில் கடைசிக்கு முந்திய இடத்துக்கு இறங்க, பின்தங்கிய அணிகளுக்கே முதலில் தெரிவு என்பதால், கொடுத்த முதற்சுற்றுத் தெரிவுகளில் ஒன்று லீக்கிலேயே இரண்டாவது தெரிவாக மாறி, பொஸ்டன் டைலர் செகினை எடுத்தது. 'கெசலா செகினா' என்று இன்றும் வாதாடுகிறார்கள். கேட்க வேண்டியது அதுவல்ல. சொந்த அணி எவ்வளவு பலவீனம் என்பது முகாமையாளருக்குத் தெரியாமல் போனது எப்படி? நம்பிக்கையை அசைக்க வேண்டிய கேள்வி அதுதான்.

சம்பளக் கணக்குப் பார்க்காமல் ட்ரேட் யோசனை சொல்வதும் வழக்கம். 2005 முதல் ஒவ்வோர் அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் அது 88 மில்லியன் டொலர். அதில் மத்யூஸ், நைலாண்டர், டவாரஸ், மார்னர் நால்வருக்கு மட்டும் லீவ்ஸ் 46 மில்லியனுக்கு மேல் ஒதுக்கியிருந்தது. மிஞ்சியதில் மற்ற எல்லாரும். அப்படியிருக்க 'இன்னொரு நட்சத்திரத்தை வாங்குவோம்' என்றால் எங்கே இடம்? மற்ற அணியின் முகாமையாளரும் தன் பக்கக் கணக்கைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

தோற்ற சூட்டில் 'இவனை இப்பவே தள்ளுங்கோ' என்று கத்துவது இன்னொன்று. லீவ்ஸ் வீரர் நசெம் கட்ரி 2018, 2019 இரண்டு பிளேஓஃப்பிலும் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் தொடர்கள்) தடை வாங்கினார். கோபம் நியாயமானதுதான். 2019 யூலையில் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு வந்த டைசன் பாரி ஒரு பருவத்தோடு போய்விட்டார். கட்ரியோ 2022 இறுதிப்போட்டித் தொடரில், உடைந்த கைப் பெருவிரலோடு திரும்பி வந்து மேலதிக நேரத்தில் வெற்றி கோலை அடித்தார், கொலராடோ கிண்ணம் வென்றது. பொறுமையாகப் பேரம் பேச நேரமிருந்த இடத்தில் அவசரப்பட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மார்ச்சில் ட்ரேட் செய்வதற்கான கெடு முடியும் நாளில் வரும் வதந்திகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்றரைக்கு அந்தக் கதவு மூடும். அதற்கு முன் வருகிற 'உறுதியான செய்தி' எதையும் விடியும் வரை யாருக்கும் அனுப்பாமல் இருந்தால் போதும்.

அப்புறம் நம்பிக்கை. நிர்வாகம் எது செய்தாலும் சரி என்பவரும், எல்லாம் பணத்துக்காக என்பவரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்: யோசிக்காமல் இருக்கிறார்கள். ஊர்க் கழகத்தில் பொதுக்கூட்டம் வைத்துச் செயலாளரையும் பொருளாளரையும் எழுப்பிக் கேள்வி கேட்கலாம். லீவ்ஸ் ஆதரவாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் நீண்ட காலத்தைத்தான் பார்க்க வேண்டும். பிரெண்டன் ஷானஹான் 2014 முதல் 2025 வரை அணியின் தலைவர். அந்தக் காலத்தில் பிளேஓஃப்பில் வென்ற தொடர்கள் இரண்டே, 2023இலும் 2025இலும். முகாமையாளர்கள் மாறினார்கள், பயிற்றுநர்கள் மாறினார்கள், பெரிய சம்பளக்காரர்கள் மட்டும் மாறவில்லை. எந்தத் தனி ட்ரேட்டையும் விட இதுதான் அந்த நிர்வாகத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. அவருக்குப் பின் வந்தவர்களிடமும் ரோய் எத்தனை கோல் அடித்தார் என்று கேட்பதை விட, மார்னர் போனதால் கையில் மிஞ்சிய கிட்டத்தட்ட 11 மில்லியனை யாருக்குக் கொடுத்தார்கள், எத்தனை வருடத்துக்கு, அதில் 'சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது' என்று மறுபடி எழுதினார்களா என்று கேளுங்கள்.