குடிபெயர்ந்த குடும்பத்தின் கதையை எழுதிவைக்கும் முறை

1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களும், ஆலை வேலைக்காகப் பெரம்பூருக்கு வந்து நிலைத்தவர்களும் தங்கள் குடும்பக் கதையை எழுத விரும்பினால், பேட்டி பார்ட்லெட் செஷன்ஸ் (Patty Bartlett Sessions) என்ற மார்மன் மருத்துவச்சியின் நாட்குறிப்பிலிருந்து நிறையக் கற்றுக்கொள்ளலாம். மார்மன்கள் அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறிஸ்தவச் சமயப் பிரிவினர். 1846 பிப்ரவரியில், மார்மன் மக்கள் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரை விட்டு மேற்கே புறப்பட்டபோது, மகள் கொடுத்த ஒரு நோட்டில் தன் வயது 51 என்று குறித்து அவர் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு தானே மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு இன்றைய யூட்டா மாநிலத்திலுள்ள சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார். யாருக்குப் பிரசவம் பார்த்தார், என்றைக்குத் துணி துவைத்தார், என்ன விதைத்தார் என்பவையே அதில் மிகுதி. அந்த மக்களின் வீட்டு வாழ்க்கை நமக்குத் தெரியவருவது இத்தகைய வரிகளால்தான்.

ஆகவே, வாழ்க்கை எப்படி இருந்தது என்று ஆயாவிடம் பொதுவாகக் கேட்காதீர்கள். “என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கப்பல் ஏறும்போது மூட்டையில் எதைக் கட்டினார், எதை விட்டுவந்தார், இங்கே முதல் உலையை எங்கே வைத்தார் என்று கேளுங்கள். 1856இல் அதே பள்ளத்தாக்குக்குக் கைவண்டி இழுத்துச் சென்ற மார்மன் குடும்பங்களில் பெரியவர் ஒருவருக்கு 17 பவுண்டு, அதாவது எட்டுக் கிலோவுக்கும் குறைவான சாமான்தான் அனுமதி. அந்த எட்டுக் கிலோவில் இடம்பிடித்தது எது என்று தெரிந்தால், அந்தக் குடும்பமே நமக்குத் தெரிந்துவிடும்.

இளைய தாரத்தைப் பற்றி எழுதும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. 1852இல் பலதார மணத்தை வெளிப்படையாக அறிவித்த மார்மன் சபை, 1890இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. செஷன்ஸின் கணவரும் வேறொரு பெண்ணை மணந்தார். அதனால் தான் பட்ட வேதனையை அவர் நாட்குறிப்பில் மறைக்கவில்லை. நம் குடும்பங்களிலும் ரேஷன் கார்டில் பெயர் ஏறாமலே வாழ்ந்து மறைந்த பெண்கள் உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதுவது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். அவர்களுடைய பிள்ளைகளிடம் பேசி, சம்மதம் பெற்று எழுதுங்கள்.

ஆண்டுகளை மட்டும் நினைவை நம்பி எழுத வேண்டாம். பி.எஃப். சீட்டு, பள்ளி டி.சி., அகதிச் சான்று ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; முரண்பட்டால் இரண்டையும் குறித்துவையுங்கள். மார்மன் சபை 1894இல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் வழிவந்த ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் கட்டணமின்றிப் பெயர் தேடலாம். எழுதி முடித்த நோட்டுக்குப் பிரதி எடுத்து வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் புகும் தெருவானால், மூலத்தை பீரோவின் அடித்தட்டில் வைக்காமல் பிளாஸ்டிக் உறையிட்டுப் பரண்மேல் வையுங்கள்.