பெஞ்சில் இருக்கும் சென்டரை வளர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் நான் வேலை செய்யும் ஜிம்மில் ஒரு காட்சி. கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சென்டராக (கூடையருகே ஆடும் உயரமான ஆள்) இரண்டாம் வருடம் முடித்த பையன், உயரம் 6 அடி 10 அங்குலம், சீசன் முழுக்கப் பெஞ்சிலேயே பெரும்பாலும் உட்கார்ந்திருந்தவன். பக்கத்தில் புதிதாகப் பயிற்சி கொடுக்க வந்திருக்கும் இளைஞர். பையன் கூடைக்கு முதுகு காட்டி நிற்கிறான், பந்தை வாங்குகிறான், தோளை ஆட்டித் திரும்பி, ஒரு கையைப் பக்கவாட்டிலிருந்து தலைக்கு மேல் வளைத்து எறியும் ஹூக் ஷாட் போடுகிறான். மறுபடி ஹூக் ஷாட். ஒரு மணி நேரமும் அதேதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்தேன், இதே உயரத்துப் பையனை வைத்து.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் சீசன் முடிந்து ஏப்ரல் வந்தால் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இந்த பேக்கப் சென்டர், அதாவது பெஞ்சிலிருந்து மாற்றாக வருகிறவன், இனிமேல் தேறுவானா? அப்பா கேட்பார், ரசிகர் கேட்பார், சில சமயம் பையனே கேட்பான். நிறைய பேர் தேறுகிறார்கள். உயரமானவர்கள் பழுக்க நாளாகும், அவ்வளவுதான். ஆனால் பழுப்பதற்குள் காயைக் கெடுத்துவிடுகிறோம். தூக்கம், சாப்பாடு, நேரத்துக்கு வருவது போன்றவற்றை இங்கே எழுதவில்லை, எல்லோருக்கும் தெரியும். விவரம் தெரிந்தவர்களே சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

சராசரியைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது

விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியில் ஃபிராங்க் கமின்ஸ்கி முதல் வருடம் எடுத்தது ஆட்டத்துக்கு 1.8 புள்ளி. இரண்டாம் வருடம் 4.2, அதுவும் சுமார் 10 நிமிட ஆட்டத்தில். அந்த நேரத்தில் இவன் தேறுவானா என்று கேட்டிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். மூன்றாம் வருடம் 13.9. அந்த சீசன் தொடக்கத்தில், 2013 நவம்பரில், நார்த் டகோட்டாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 43 புள்ளி எடுத்துக் கல்லூரியின் சாதனையை உடைத்தார். 2015இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான். 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த கென்டக்கியைக் கல்லூரிகளின் தேசியப் போட்டி அரையிறுதியில் நிறுத்தியதும் அந்த அணிதான்.

கொஞ்சம் கணக்குத் தெரிந்தவர்கள் சராசரியை விட்டுவிட்டு 40 நிமிடத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்ப்பார்கள். நல்ல வழிதான். பர்டூவில் ஸாக் எடி முதல் வருடம் 15 நிமிடத்துக்கும் குறைவாக ஆடி 8.7 புள்ளி எடுத்தார்; பெருக்கினால் 23க்கு மேல் வரும். யூகானில் டோனவன் கிளிங்கன் 13 நிமிடத்தில் 6.9, பெருக்கினால் 21. இரண்டு பேரும் பின்னால் பெரிய ஆட்டக்காரர்கள் ஆனார்கள். ஆனால் அதே கணக்கைக் கமின்ஸ்கியின் இரண்டாம் வருடத்துக்குப் போட்டால் 16தான் வருகிறது. ஊரில் பாதி பெஞ்ச் சென்டர்களுக்கு அந்த எண் இருக்கும்.

நான் பார்ப்பது வேறு. அவனை ஏன் வெளியே எடுத்தார்கள்? ஒவ்வொரு முறை அவன் பெஞ்சுக்குத் திரும்பும்போதும் காரணத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஃபவுலா, மூச்சு வாங்கியதா, தடுப்பாட்டத்தில் ஆளை விட்டானா, இல்லை முன்னால் இருப்பவர் அவ்வளவு நல்ல ஆட்டக்காரரா? எடிக்கு முன்னால் ட்ரெவியன் வில்லியம்ஸ் இருந்தார். கிளிங்கனுக்கு முன்னால் இருந்த அடாமா சனோகோ 2023 ஃபைனல் ஃபோரின் (தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகள் மோதும் சுற்று) சிறந்த ஆட்டக்காரர். கான்சஸில் கோல் ஆல்ட்ரிச் முதல் வருடம் 8 நிமிடம்தான் ஆடினார், ஏனென்றால் முன்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். 2008 அரையிறுதியில் நார்த் கரோலைனாவின் டைலர் ஹான்ஸ்ப்ரோவுக்கு எதிராக அவரை இறக்கியபோது 8 புள்ளி, 7 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), 4 பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிடுவது). அடுத்த வருடம் சராசரி 14.9 புள்ளி, 11.1 ரீபவுண்ட். நல்ல ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது ஒரு குறையே இல்லை.

கோடை முழுக்க ஹூக் ஷாட்

இதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு. நான் செய்ததையே சொல்கிறேன்.

கல்லூரிக்குள் நுழைந்த பிறகு ஒரு பையனுக்கு வழக்கமாகக் கிடைப்பது மூன்றே கோடை. கல்லூரிப் பயிற்சியாளர்கள் அவனோடு வேலை செய்ய 8 வாரம், வாரத்துக்கு 8 மணி நேரம் என்று விதி. எடைப் பயிற்சியும் அதற்குள் அடக்கம். மிச்ச நேரம் அவனுடையது. அந்த மிச்ச நேரத்தை என்னை நம்பிக் கொடுத்தான் அந்தப் பையன். வாரத்துக்கு நான்கு நாள் வருவான். நான் வலது கையில் இருநூறு ஹூக், இடது கையில் இருநூறு என்று போட வைத்தேன். ஆகஸ்ட் கடைசியில் இடது கை ஹூக்கும் சத்தமில்லாமல் வலைக்குள் விழுந்தது. அவன் அப்பா அதைத் தன் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

நவம்பரில் முதல் ஆட்டம். முதல் பாதி நடுவில் அவனை இறக்கினார்கள். எதிரணிப் பயிற்சியாளருக்கு இது தினசரி வேலை. பெஞ்சிலிருந்து புது சென்டர் வந்ததைப் பார்த்ததும், அவன் காவல் காக்கும் ஆளை மேலே வரச் சொல்லி ஸ்க்ரீன் (தடுப்பவரின் வழியில் சுவர்போல் நின்று மறிப்பது) போட வைத்தார். பந்தோடு ஒரு சின்னப் பையன் ஸ்க்ரீனைச் சுற்றிக்கொண்டு வருகிறான். நம்மவன் ஓர் அடி அதிகமாக மேலே வந்துவிட்டான். இடுப்பு திரும்பவில்லை, கால் தரையில் ஒட்டிக்கொண்டது, கை மட்டும் போனது. விசில். அடுத்த முறையும் அதே ஸ்க்ரீன். இந்தத் தடவை பின்வாங்கினான், ஆனால் தாமதமாக, ஷாட்டைத் தட்டப் பாய்ந்து ஆள் மேல் விழுந்தான். விசில். மூன்று நிமிடத்துக்குள் இரண்டு ஃபவுல். முதல் பாதியில் இரண்டு வாங்கிய பெரிய ஆளைப் பெரும்பாலான பயிற்சியாளர்கள் இடைவேளைவரை உட்கார வைத்துவிடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான்.

ஜனவரியில் அவன் அப்பா போன் செய்தார். கோபமே இல்லாமல் கேட்டார், "அந்த ஷாட்டை அவன் எப்போ போடுவான், கோச்?"

சீசன் முடிந்ததும் எல்லா வீடியோவையும் உட்கார்ந்து பார்த்தேன். நான்கு மாதத்தில் அவன் ஆட்டத்தில் போட்ட ஹூக் ஷாட் நான்கு. ஒரு முழுக் கோடையை நான் நான்கு ஷாட்டுக்காகச் செலவழித்திருக்கிறேன். மூன்றில் ஒன்று போய்விட்டது. அது திரும்பி வராது.

பெஞ்ச் சென்டருக்காக யாரும் ஆட்டம் வகுப்பதில்லை. அவன் இறங்குவது நான்கு நிமிடத்துக்கு: ஒரு டிவி டைம்அவுட்டில் (விளம்பர இடைவேளை) உள்ளே, அடுத்த டைம்அவுட்டில் வெளியே. அந்த நான்கு நிமிடத்தில் பயிற்சியாளர் அவனிடம் எதிர்பார்ப்பது ஸ்க்ரீன் போடுவது, கூடையை நோக்கி வேகமாக உருண்டு போவது, ஆளை முதுகால் அடைத்து ரீபவுண்ட் எடுப்பது, எதிரணியின் ஸ்க்ரீனைச் சமாளிப்பது, ஃபவுல் வாங்காமல் இருப்பது. அவனுக்குப் புள்ளி கிடைப்பதும் பிறர் தவறவிட்ட ஷாட்டைத் திருப்பிப் போட்டோ, உருண்டு போகும்போது வரும் பாஸிலோதான். இதில் ஹூக் ஷாட் எங்கே வருகிறது?

ஃபவுல் கணக்கைப் பாருங்கள். கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், ஐந்தாவது ஃபவுலில் வெளியே. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வாங்குகிறவன் என்ன திறமை வைத்திருந்தாலும் 25 நிமிடத்துக்கு மேல் ஆடவே முடியாது. ஃபவுல் வாங்குவது குறைந்தால்தான் களத்தில் நேரம் ஏறும். நேரம் ஏறினால்தான் மற்ற எல்லாமே வளரும்.

சில வருடம் கழித்து இன்னொரு பையன் வந்தான். இந்தத் தடவை பந்தையே எடுக்கவில்லை. இரண்டு கையிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். விரல் மூடியிருந்தால் பிடித்து இழுக்க முடியாது, காலைத்தான் நகர்த்த வேண்டும். மூன்று வாரம் அப்படியே ஸ்க்ரீனைத் தடுத்தான்: பின்வாங்கு, பந்துக்கும் கூடைக்கும் நடுவில் நில், சறுக்கிப் போ. தட்டப் போகும்போது நேர் மேலே குதி, கை வானத்தைப் பார்க்கட்டும். தன் இடத்தில் நின்று நேராக எழும்புகிறவன் மேல் மோதினால் அது தடுப்பவனின் ஃபவுல் அல்ல என்பது விதி. ஜார்ஜ்டவுனிலிருந்து வந்த ராய் ஹிபர்ட், அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் இரண்டு முறை ஆல்-ஸ்டார் (நட்சத்திர அணிக்குத் தேர்வானவர்) ஆனதில் பெரும்பங்கு இந்த ஒரே பழக்கத்துக்குத்தான். 2013 பிளேஆஃபில் கார்மெலோ ஆன்டனி டங்க் அடிக்க எழும்பியபோது அவர் தடுத்ததைத் தேடிப் பாருங்கள்.

அப்புறம் வாய். சென்டர் பின்னால் நிற்பதால் ஸ்க்ரீன் வருவது அவனுக்குத்தான் முதலில் தெரியும். "இடது! இடது!" என்று கத்த வேண்டும். இந்தப் பையன் கூச்ச சுபாவம், வாயே திறக்க மாட்டான். கத்தாவிட்டால் அந்த முறை கணக்கில் சேராது என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரத்தில் ஜிம் அதிர்ந்தது. அடுத்த சீசனில் அவன் பெஞ்சிலிருந்து வந்தே 17 நிமிடம் ஆடினான். ஹூக் ஷாட்டை மூன்றாவது கோடையில் கற்றுக்கொடுத்தேன். அப்போதுதான் அவனுக்கு அது தேவைப்பட்டது.

போன வாரம் அந்த இளைஞரிடம் போய், "இவனுக்குப் போன சீசன் எத்தனை நிமிடத்துக்கு ஒரு ஃபவுல், தம்பி?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பையன் உடனே சொன்னான்: "ஐந்து நிமிடத்துக்கு ஒன்று." அவனுக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

எடை ஏற்றுவது

ஒல்லியாக இருக்கிறான் என்று ஒரே கோடையில் பத்துப் பன்னிரண்டு கிலோ ஏற்றுகிறார்கள். ஏழடி உடம்பின் பாரம் முழுக்கப் பாதத்திலும் முழங்காலிலும்தான் இறங்குகிறது. வேகமாக ஏற்றினால் முதலில் போவது இரண்டாவது குதி, அதாவது கீழே வந்ததும் உடனே மறுபடி எழும்புவது. ரீபவுண்டே அதில்தான் இருக்கிறது. பலம் ஏறட்டும், எடை அதன் பின்னால் தானாக வரும். ஹிபர்ட் 2004இல் ஜார்ஜ்டவுனுக்கு வந்தபோது அவரால் ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லை. நான்கு வருடம் பொறுமையாகக் கட்டிய உடம்பு அது.

மூன்று புள்ளி ஷாட்

இதைப் பழக்க அவசரப்படாதீர்கள். முதலில் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) நூற்றுக்கு எழுபது விழட்டும்.

கைகளைக் கவனிக்காதது

பாஸைப் பிடிக்கத் தெரியாதவனுக்குப் பந்து வராது. தினமும் இருபது நிமிடம், வருடம் முழுக்க.

தொடங்கிய வயதை மறப்பது

எடி சின்ன வயதில் ஐஸ் ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். பத்தாம் வகுப்பு வாக்கில்தான் முறையாகக் கூடைப்பந்துக்கு வந்தார். பர்டூவுக்கு வந்தபோது அவரைப் பெரிதாக மதிப்பிட்டவர்கள் குறைவு. அப்புறம் தொடர்ந்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர், 2024 இறுதி ஆட்டத்தில் தோற்ற அணியில் 37 புள்ளி. எட்டு வயதிலிருந்து ஆடும் கார்டையும் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் சின்ன ஆள்) பதினாறில் தொடங்கிய சென்டரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இருபது வயது என்று பார்க்காமல், எத்தனை வருடமாக ஆடுகிறான் என்று கேளுங்கள். நான்கு வருடம்தான் என்றால் அவன் இன்னும் பிள்ளையார் சுழியில்தான் இருக்கிறான்.

கேட்காமலே கல்லூரி மாறுவது

2021இலிருந்து முதல் முறை மாறுகிறவர்கள் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டியதில்லை. 2024இல், படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று விதி வந்தது. பணமும் கைமாறுகிறது. அதனால் பெஞ்சில் இருக்கும் ஒவ்வொரு சென்டரின் காதிலும் ஏப்ரல் மாதம் யாராவது "கிளம்பு" என்று ஓதுகிறார்கள்.

கிளம்புவது தவறு என்று சொல்ல மாட்டேன். கெலெல் வேர் ஓரிகனில் 6.6 புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவர், இந்தியானாவுக்குப் போய் 15.9 புள்ளியும் 9.9 ரீபவுண்டும் எடுத்து 2024 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் வரிசையாகப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) 15ஆவதாகப் போனார். இருப்பதும் தவறு இல்லை. பர்டூவில் ட்ரே காஃப்மன்-ரென் முதல் வருடம் ஆடாமல் ரெட்ஷர்ட்டில் (ஆடத் தகுதியுள்ள வருடம் குறையாமல் வெளியே இருப்பது) உட்கார்ந்தார். அடுத்து 4.6, அடுத்து 6.4. எடி போன பிறகு, 2024-25இல், 20.1.

தவறு எங்கே என்றால், எதைப் பார்த்து முடிவெடுக்கிறோம் என்பதில். புதுக் கல்லூரியில் சென்டர் இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்கள். அந்த இடத்தைப் பயிற்சியாளர் அதே ஏப்ரலில் வேறொரு ஆளைக் கூட்டி வந்து நிரப்பிவிடுவார். அவருக்கும் அதே கதவு திறந்துதான் இருக்கிறது. நான் என் பையன்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டு வரச் சொல்வேன்: "உங்களிடம் கடைசியாக இருந்த பேக்கப் சென்டர் முதல் வருடம் எத்தனை நிமிடம் ஆடினார், மூன்றாம் வருடம் எத்தனை?" பெயரையும் எண்ணையும் உடனே சொல்கிற பயிற்சியாளர் இருந்தால், அவரோடு மேற்கொண்டு பேசலாம். ஜிம் எவ்வளவு பெரியது, லாக்கர் அறை எவ்வளவு புதியது என்று பேச்சை மாற்றினால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.