கூழ் ஆலை முதல் கிரானைட் யார்டு வரை: வலைத்தளத்தில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலை நடத்துபவரிடம் போனில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். எந்த ரகம், பிரிக்ஸ் (கூழில் கரைந்துள்ள சர்க்கரையின் அளவு) எவ்வளவு, டிரம்மா டின்னா, குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும், லோடு எப்போது கிடைக்கும்? பல ஆலைகளின் வலைத்தளத்தில் இவற்றில் ஒன்றுக்கும் பதில் இருப்பதில்லை. 'தரமே எங்கள் தாரக மந்திரம்', 'வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்' என்று நாலு வரி, கீழே ஒரு மாம்பழப் படம். இந்த வரிகளை ஜவ்வரிசி ஆலையின் பக்கத்தில் ஒட்டினாலும் அப்படியே பொருந்தும். யாருக்கும் பொருந்தும் வரியை வைத்து யாரும் ஆர்டர் கொடுக்க மாட்டார்கள்.

'சர்வதேசத் தரத்தில் கூழ் தயாரித்து வழங்குகிறோம்' என்ற வரியை இப்படி மாற்றிப் பாருங்கள்: 'கிருஷ்ணகிரியில் பெங்களூரா, அல்போன்சா கூழ் தயாரிக்கிறோம். பெங்களூரா குறைந்தது 14 பிரிக்ஸ், அல்போன்சா குறைந்தது 16 பிரிக்ஸ். சர்க்கரை சேர்ப்பதில்லை. 215 கிலோ அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்த) டிரம்மிலும் 3.1 கிலோ டின்னிலும் (பெட்டிக்கு 6) கிடைக்கும். சாம்பிளும் லேப் ரிப்போர்ட்டும் கேட்டால் அனுப்புகிறோம்.' இதில் ஒரு பெருமைச் சொல்கூட இல்லை. ஆனால் சென்னையிலோ கொச்சியிலோ ஜூஸ் கம்பெனியில் பர்ச்சேஸ் பார்ப்பவருக்கு இவ்வளவும் வேண்டும். ஒரு பேட்ச்சுக்கு எத்தனை கிலோ கூழ், எவ்வளவு சர்க்கரை என்று அவர் பிரிக்ஸை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார். 'குறைந்தது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பழம் லாட்டுக்கு லாட் மாறும். '15 பிரிக்ஸ்' என்று மொட்டையாக எழுதிவிட்டு 14.3 போனால், சரக்கு இறங்கும் இடத்திலேயே தகராறு. எண்களை உங்கள் லேப் ரிப்போர்ட்டிலிருந்து மட்டும் எடுங்கள். பக்கத்து ஆலையின் பக்கத்தைப் பார்த்து எழுதினால் அவர்கள் சரக்கின் அளவுக்கு நீங்கள் வாக்குக் கொடுத்ததாகிவிடும்.

கிரானைட் யார்டுக்கும் இதே கணக்கு. 'பளபளப்பான உயர்தரக் கற்கள்' என்பதால் எதுவும் விளங்காது. தடிமன் எத்தனை மில்லிமீட்டர், ஸ்லாப் நீள அகலம், பாலிஷா லெதர் ஃபினிஷா, சதுர அடி விலையில் லோடிங்கும் ஜிஎஸ்டியும் அடக்கமா என்று எழுதுங்கள். கோடும் நிறமும் ஸ்லாப்புக்கு ஸ்லாப் மாறும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரே படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுத்தவர், கல் வந்து இறங்கியதும் 'இது அது இல்லை' என்பது அப்போதுதான் நிற்கும். சந்தூர்ப் பக்கம் மா ஒட்டுக்கன்று விற்பவர்கள் ரகம், உயரம், ஒட்டுக் கட்டி எத்தனை மாதம், வேனில் எத்தனை கன்று ஏறும் என்று எழுதினால் போதும்.

தேடலில் வர வேண்டும் என்பதற்காக 'கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ்' என்பதை ஒரே பத்தியில் பத்து முறை திணிப்பது அடுத்த தவறு. படிப்பவர் எரிச்சலாகிறார், கூகுளும் இதை ஸ்பேம் என்றே பார்க்கிறது. பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் கீவேர்ட் டேக்கில் சொற்களை அடுக்குவதும் வீண். வலைத் தேடலில் அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. வாங்குபவர் ஒரே மாம்பழ ரகத்தைப் பெங்களூரா, கிளிமூக்கு, தோத்தாபுரி என்று எந்தப் பெயரிலும் தேடலாம். மூன்றையும் இயல்பாக ஒவ்வொரு முறை சொன்னால் போதும். பக்கத் தலைப்பில் 'முகப்பு' என்று விட்டுவிடாமல் பொருளும் ஊரும் முதலில் வரட்டும். தலைப்பு நீண்டால் தேடல் பக்கத்தில் பின்பாதி வெட்டுப்படும்.

ஃபிளெக்ஸ் பேனருக்குச் செய்த டிசைனை அப்படியே படமாக ஏற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்காது. செல்போன் திரையில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரியும், நம்பரைத் தொட்டால் அழைப்பு போகாது. விலை, நம்பர், முகவரி மூன்றும் எழுத்தாகவே இருக்கட்டும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த நோட்டீஸை நகலெடுத்து ஒட்டினாலும் சிக்கல்தான்: அந்த எழுத்துரு இல்லாத போனில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு ஏற்றுங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு.

முகவரியைப் பழைய லெட்டர்ஹெட்டிலிருந்து எடுக்காதீர்கள். கிருஷ்ணகிரி 2004-ல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. ஓசூர் முகவரியில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருந்தால் வெளியூர்க்காரர் குழம்புவார். 'என்.எச். 7' என்று வழி சொன்னால் இன்றைய மேப்பில் அந்தச் சாலை என்.எச். 44. வெளிநாட்டிலிருந்து அழைப்பவருக்கு ஓசூரின் 04344 பயன்படாது, முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு +91 4344 என்று எழுத வேண்டும். வாட்ஸ்அப் லிங்க்கில் 91-ல் தொடங்கி இடைவெளி இல்லாமல் நம்பர் வர வேண்டும். பிளஸ் குறியும் முன்னால் பூஜ்யமும் வேண்டாம்.

'ஐஎஸ்ஓ சான்று பெற்றது' என்று மட்டும் எழுதுவதும் போதாது. 9001 என்பது தர நிர்வாக முறைக்கானது, 22000 உணவுப் பாதுகாப்புக்கானது. எது என்று சொல்லுங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் போடுங்கள், வாங்குபவர் அவராகவே சரிபார்த்துக்கொள்வார்.

பக்கத்தை ஏற்றுவதற்கு முன், உங்கள் அலுவலகத்தில் போன் எடுப்பவரிடம் அதைக் காட்டுங்கள். கடந்த வாரம் வந்த கேள்விகளில் எதற்கு இதில் பதில் இல்லை என்று அவர்தான் சட்டென்று சொல்வார். கூழ் ஆலைக்காரர்கள் இந்த வேலையை ஏப்ரலுக்குள் முடித்துவிடுவது நல்லது. பழம் வரத்து தொடங்கிவிட்டால் உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்காது.