சென்னை வெயிலில் சுருட்டுப் பெட்டி

ஹியூமிடர், அதாவது சுருட்டைப் பதமான ஈரத்தில் வைத்திருக்கும் பெட்டி, செய்வது எப்படி என்று தேடினால் கிடைக்கிற குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே பனிக்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும், காற்று காய்ந்து போகும், சுருட்டு அப்பளம் மாதிரி நொறுங்கும். அதனால் பெட்டிக்குள் ஈரம் ஏற்றுவதைப் பற்றியே பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். நமக்குக் கதையே வேறு. ஐப்பசி மழையில் நம் வீட்டுச் சுவரே ஓதம் ஏறிக் கிடக்கும். சென்னையில் சுருட்டுப் பெட்டிக்கு முதல் வேலை சூட்டைத் தடுப்பது. இரண்டாவது வேலை, வெளி ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பது. ஈரம் கொடுப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நான் கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவன். கரீபியன் துறைமுகங்களில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. டாக்டர் கண்டித்த பிறகு எப்போதாவது ஒன்று என்று சுருக்கிக்கொண்டேன். (புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும் சுருட்டு வாய்ப் புற்றுநோய் தரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.) எப்போதாவது ஒன்று என்பதால்தான் மீதி மாதக்கணக்கில் கெடாமல் கிடக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி சூடு என்பார்கள். சென்னையில் 21 டிகிரி என்பது மார்கழி விடியற்காலையில் மட்டும் கிடைப்பது. ஏசி அறையில் 24 டிகிரி வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் ஏசி பகலில் நின்று ராத்திரி ஓடும், அங்கேதான் சிக்கல். 30 டிகிரியில் 70 சதவீத ஈரமுள்ள காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 21 கிராம் தண்ணீர் இருக்கும். அதே காற்றைப் பெட்டிக்குள் அடைத்து 24 டிகிரிக்குக் குளிர்வித்தால் ஈரப்பதம் 97 சதவீதத்துக்குப் போய்விடும். மரமும் இலையும் அதில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்ளும்தான், ஆனால் தினமும் இது நடந்தால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? அதனால் ஏசி ஒரு மணி நேரமாவது ஓடி, அறைக்காற்று காய்ந்த பிறகே பெட்டியைத் திறங்கள். இந்த ஒரு பழக்கம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

அழகான மரப்பெட்டிதான் வேண்டும் என்று சிலருக்கு ஆசை. செய்யலாம், ஆனால் மூடி இம்மி பிசகாமல் உட்கார வேண்டும், அதற்குக் கை தேர்ந்த ஆசாரி வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பினால் அந்த மூடியும் சண்டித்தனம் செய்யும். என் யோசனை: வெளிக்கூடு ஐஸ் பாக்ஸ், உள்ளே மரத் தட்டுகள். பிக்னிக்குக்குக் கொண்டுபோகிற 25 லிட்டர் ஐஸ் பாக்ஸ் போதும். சுவருக்குள் இருக்கிற ஃபோம், ஏசி நின்ற பிறகும் உள்சூட்டைச் சட்டென்று ஏறவிடாது. கரண்ட் போனாலும் பதற்றம் இல்லை.

புது ஐஸ் பாக்ஸில் பிளாஸ்டிக் வாடை தூக்கலாக இருக்கும். சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, வாடை போகும்வரை நிழலில் திறந்து வையுங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டை இருந்தால் அதன் தக்கையை இறுக்கி மூடுங்கள். சிலிகான் பசை கொண்டு அடைக்காதீர்கள். கடையில் கிடைக்கிற பெரும்பாலான சிலிகானில் காடி வாடை வரும், அதைச் சுருட்டு இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக மூடுகிறதா என்று பார்க்க, ஒரு பத்து ரூபாய் நோட்டை ஓரத்தில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். நோட்டு இறுக்கமாக வர வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் பார்த்துவிட்டு, ராத்திரி விளக்கணைத்து, போன் டார்ச்சை உள்ளே போட்டு மூடுங்கள். வெளிச்சம் கசிந்தால் காற்றும் கசியும்.

இனி மரம். உலகம் முழுக்க இதற்குப் பயன்படுவது ஸ்பானிஷ் சிடார். பெயர்தான் சிடார், சாதியில் அது நம் வேம்புக்கும் மஹோகனிக்கும் உறவு. நம் மலைக்காடுகளில் வளரும் சந்தன வேம்பு அதற்கு இன்னும் நெருங்கிய சொந்தம். ஒரு காலத்தில் தாவரவியல்காரர்கள் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். மர டிப்போவில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் மஹோகனி எடுங்கள். வாடை ரொம்பக் குறைவு, ஈரத்தை நிதானமாக வாங்கி நிதானமாகக் கொடுக்கும். தேக்கில் எண்ணெய் வாடை, பைனில் பிசின். பிளைவுட்டில் பசை நெடி. மூன்றும் வேண்டாம். சுருட்டுக் கடையில் காலி சிடார் பெட்டி கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதன் பலகையைத் தட்டின் அடியில் பரப்பலாம்.

தட்டுக்கு அரை அங்குல ரீப்பர் போதும். நாலு பக்கச் சட்டம், அடியில் ஒரு விரல் இடைவெளி விட்டுச் சட்டங்கள். காற்று மேலும் கீழும் போய்வர வேண்டும். சர்ச்சில் அளவுச் சுருட்டு 7 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 18 சென்டிமீட்டர். அதனால் தட்டின் உள்ளகலம் 19 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பாக்ஸின் சுவருக்கும் தட்டுக்கும் நடுவே எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். சின்னப் பித்தளை ஆணிகளால் அடியுங்கள், பசை வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும். பாலீஷ், வார்னிஷ் பக்கம் போகவே போகாதீர்கள்.

வெளிநாட்டுக் குறிப்புகளில் அடுத்ததாக மரத்தை ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். நம் ஊர் டிப்போவில் கிடக்கிற மரம் ஏற்கெனவே ஈரத்தோடுதான் வரும், அதிலும் மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தட்டுகளை ஏசி அறையில் வைத்து, சமையலறைத் தராசில் இரண்டு நாளுக்கு ஒரு முறை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்ற பிறகு பாக்ஸுக்குள் வைத்து, ஈரப் பொட்டலத்தோடு (அது என்ன என்று கீழே சொல்கிறேன்) ஒரு வாரம் மூடி வையுங்கள். மரம் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

ஈரமானியை நம்புவதற்கு முன்னால் சோதித்துவிடுங்கள். பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, ஈர மணல் பதத்துக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரையக் கூடாது. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் பையில் போட்டு அடைத்து, ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அந்த மானியில் எப்போதும் 4 கூட்டிப் படிக்க வேண்டியதுதான். இதற்குத் தூள் உப்புதான் சரி, கல்லுப்பு வேண்டாம். கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். மழைக்காலத்தில் உப்புச்சாடி நீர்த்துப் போவது அதனால்தான். அது கணக்கைக் குழப்பும்.

ஈரத்துக்கு ஈர ஸ்பாஞ்ச் வைக்கிற முறை நமக்கு ஒத்து வராது. அது கொடுக்கும், திரும்ப வாங்காது. போவேடா கம்பெனியுடையது மாதிரி, ஈரத்தைக் கொடுக்கவும் வாங்கவும் தெரிந்த பொட்டலம்தான் வேண்டும். 65 சதவீதம் போட்டது நம் ஊருக்குப் போதும். 60 கிராம் பொட்டலம் ஒன்று 25 சுருட்டுக்கு என்று கணக்கு. ஐஸ் பாக்ஸ் பெரிது என்பதால் ஒன்று கூடுதலாக வையுங்கள். கையில் பிடித்தால் அப்பளம் போல் விறைத்திருந்தால் அது ஆயுள் முடிந்தது. உப்பிக்கொண்டே போனால் மூடியில் எங்கோ கசிவு என்று அர்த்தம்.

இப்போது நிஜமான எதிரி. சமையலறையில் மஞ்சளிலும் கொத்தமல்லியிலும் சுக்கிலும் விழுமே, இரண்டு மூன்று மில்லிமீட்டரில் ஒரு பழுப்பு வண்டு, அதே வண்டுதான் சுருட்டையும் தின்கிறது. முட்டை இலையோடேயே வந்துவிடும், கண்ணுக்குத் தெரியாது. சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறினால் மளமளவென்று பெருகும். புழு உள்ளிருந்து குடைந்து வரும், வெளியே குண்டூசி குத்தின மாதிரி ஓட்டையும் மாவு போலத் தூளும் தெரியும். பெட்டியை மளிகைச் சாமான் அலமாரிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். புதிதாக வாங்கின சுருட்டை நேரே உள்ளே போடாதீர்கள். இரண்டு ஜிப் பைகளில் காற்றைப் பிழிந்து அடைத்து, ஒரு நாள் ஃபிரிட்ஜில், மூன்று நாள் ஃப்ரீசரில், திரும்ப ஒரு நாள் ஃபிரிட்ஜில், அப்புறம் அறைச்சூடு. படிப்படியாகத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மேலிலை வெடிக்கும். அறைச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கவும் கூடாது. வெளிக்காற்று பட்டவுடன் வேர்த்துவிடும். ஃப்ரீசரில் மீன் பக்கத்தில் சுருட்டா என்று வீட்டில் சத்தம் வரும். இரண்டாவது பை அதற்கும்தான்.

பாக்ஸை வைக்கிற இடம்: ஏசி அறையில், உள்சுவர் ஓரமாக, தரையோடு. பரணில் வேண்டவே வேண்டாம். மொட்டை மாடித் தளத்துக்குக் கீழே பரண் வெந்து போகும். மேற்குச் சுவரும் ஆகாது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றும் இல்லை. மாதம் ஒரு முறை மேல் தட்டைக் கீழும் கீழ்த் தட்டை மேலும் மாற்றுங்கள். அந்தத் திறப்பிலேயே உள்காற்றும் மாறிவிடும். ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: சரசரவென்றால் காய்ந்திருக்கிறது, புசுபுசுவென்றால் ஈரம் அதிகம். பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் பூஞ்சணம். பழைய சுருட்டில் பூக்கும் வெண்மை என்று சிலர் அதைப் பெருமையாகக் காட்டுவார்கள். பெரும்பாலும் அதுவும் பூஞ்சணம்தான். பிடித்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு, தட்டைத் துடைத்து நன்றாகக் காயவைத்து, ஈரம் ஏன் ஏறியது என்று மூடியிலிருந்து தேட ஆரம்பியுங்கள்.

கடைசியாக ஒன்று. திருச்சிச் சுருட்டு வைத்திருப்பவர்கள் அதை இதே பாக்ஸில் போடாதீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் உருட்டிக் கப்பலேறிப் போன சரக்கு அது, நெடி அதிகம். பக்கத்தில் இருக்கிற ஹவானா (கியூபா) சுருட்டுக்கு அந்த வாசனை ஏறிவிடும். ரப்பர் வளையம் போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றில், சின்னப் பொட்டலம் ஒன்றோடு அது தனியாகக் கிடக்கட்டும்.