மதுரைப் பக்கமிருந்து அமெரிக்கா வந்தவர்களுக்கு: குறைந்த வருமானமும் கல்லூரிச் சேர்க்கையும்

ஊரில் வருமானச் சான்றிதழ் என்பது சீட்டு கிடைத்தபின் தேடும் காகிதம். கட்ஆஃப் சேர்க்கையை முடிவு செய்யும். மேலூர் தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிதழ் அப்புறம் உதவித்தொகைக்குப் போகும். அமெரிக்காவில் இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. குறைந்த வருமானம் சில கல்லூரிகளில் கைகொடுக்கும். சில இடங்களில் சீட்டையே கெடுக்கும்.

முதலில் விசாவைப் பாருங்கள். பிள்ளையிடம் கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு அட்டை) இருந்தால் அமெரிக்க மத்திய அரசின் உதவி உண்டு. அதற்கான படிவம் ஃபாஃப்சா. கட்டணம் கிடையாது, வழக்கமாக அக்டோபர் 1-க்குள் திறந்துவிடும். திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட் 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். எச்-4 (வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கும் பிள்ளைக்கு இது இல்லை. கல்லூரி தன் கையிலிருந்து தந்தால்தான் உண்டு. பல கல்லூரிகள் ‘இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு செலவாகும்’ என்று பார்த்தே வெளிநாட்டு மாணவருக்குச் சீட்டுத் தருகின்றன. முதலில் சேர்ந்துவிட்டு உதவியை அப்புறம் கேட்கலாம் என்ற கணக்கும் பல இடங்களில் எடுபடாது. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டுமே வெளிநாட்டு மாணவரையும் வருமானம் பார்க்காமல் சேர்க்கின்றன. அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஃபாஃப்சாவில் முதல் சிக்கல் பெயர். அப்பா பெயர் இனிஷியலாக இருந்து, பாஸ்போர்ட்டில் விரிந்து, சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் (அமெரிக்க அரசு தரும் எண் அட்டை) முன்பின்னாக மாறியிருக்கும். அட்டையில் உள்ள பெயரிலேயே ஃபாஃப்சா இணையக் கணக்கைத் தொடங்குங்கள். இல்லையென்றால் சரிபார்ப்பில் நின்றுவிடும். அட்டை இல்லாத பெற்றோரும் கணக்குத் தொடங்கலாம்.

அடுத்தது ஆண்டு. 2026-27 படிப்புக்கு 2024-ஆம் ஆண்டு வருமானத்தைக் கேட்பார்கள். அப்போது நீங்கள் மதுரையில் இருந்திருந்தால் அந்த ரூபாய் வருமானத்தை, விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதப்படி டாலரில் எழுத வேண்டும். நான்கு லட்சம் ரூபாய் ஐயாயிரம் டாலரைத் தொடாது. ‘இதில் எப்படிக் குடும்பம் நடந்தது?’ என்று கல்லூரி கேட்கலாம். ஃபார்ம் 16, சம்பளக் கடிதம், வங்கிப் பதிவு எல்லாம் தயாராக இருக்கட்டும்.

சொத்துக் கேள்வி வந்தால் கவனம். குடியிருக்கும் வீடு ஃபாஃப்சா கணக்கில் வராது. ஆனால் ஆனையூரில் வாடகைக்கோ ஒத்திக்கோ விட்டுவந்த வீடு வரும். அரசு வழிகாட்டி மதிப்பை எழுதக் கூடாது; இன்று விற்றால் கிடைக்கும் விலையை எழுத வேண்டும். கூட்டுப் பட்டா என்றால் உங்கள் பங்கு மட்டும். நகையைக் காட்ட வேண்டாம். நிலத்தை அடமானம் வைத்து வாங்கிய கடனை அந்த நிலத்தின் மதிப்பில் கழிக்கலாம். நகைக்கடனை எதிலும் கழிக்க முடியாது. நிலத்தை விற்ற பணம் வங்கியில் கிடந்தால், விண்ணப்பிக்கும் நாளின் இருப்பு சொத்தாகும்.

பல தனியார் கல்லூரிகள் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இன்னொரு நிதியுதவிப் படிவமும் கேட்கும். அது இன்னும் குடையும். சொந்த வீட்டையும் விடாது. அமெரிக்காவில் வசிக்கும் குடும்பத்தின் வருமானம் ஆண்டுக்கு 1,00,000 டாலர் வரை என்றால் அதன் கட்டணம் தள்ளுபடி. தமிழில் உள்ள பட்டா, சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வையுங்கள்.

கல்லூரி அறிவிக்கும் முழுக் கட்டணத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கும்; அதில் வரும் தொகைதான் உங்களுக்கு ஓரளவு உண்மை விலை. ‘உதவி’ என்று வரும் கடிதத்தில் கிராண்டும் கடனும் கலந்திருக்கும். கடனைத் தனியே எடுத்துவிட்டுக் கூட்டிப் பாருங்கள்.

2024-இல் நல்ல சம்பளம், வந்தபின் வேலையில்லை என்றால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதுங்கள். எப்போது வருமானம் நின்றது, இப்போது மாதம் எவ்வளவு என்று எண்ணோடு, ஆதாரத்தோடு ஒரு பக்கம் போதும். பல கல்லூரிகளில் மே 1-க்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.