மூன்றே முக்காலுக்கு ஏன் அழுகிறான்? டேகெயாரில் மெல்ட்டவுனைப் புரிந்துகொள்ளும் வழி

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு டேகெயாரில் பிள்ளைகளைப் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிற தங்கச்சிமார் முதல் கிழமையே கேட்பது, "அக்கா, அவன் கத்தத் தொடங்கினால் என்ன செய்வது?" கத்தத் தொடங்கிய பிறகு செய்ய இருப்பது கொஞ்சம்தான். அதற்கு முந்திய ஒரு மணித்தியாலத்தில்தான் நம்முடைய வேலை இருக்கிறது.

படி 1: அடமா, மெல்ட்டவுனா?

அடம் பிடிக்கிற பிள்ளை இடைக்கிடை நம் முகத்தைப் பார்க்கும், கேட்டது கைக்கு வந்தால் அழுகை நிற்கும். மெல்ட்டவுன் அப்படியில்லை. சத்தம், வெளிச்சம், மணம், பசி, திடீர் மாற்றம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, இனித் தாங்க முடியாது என்கிற கட்டத்தில் பிள்ளை உடைந்துபோகிறது; கேட்டதைக் கொடுத்தாலும் நிற்காது, யாரும் பார்க்காவிட்டாலும் நிற்காது. சத்தத்தையும் தொடுகையையும் வேறுவிதமாக உணர்வதை, 2013இல் வந்த டி.எஸ்.எம். 5 என்கிற மனநல மருத்துவக் கையேடு, ஓட்டிசத்தின் (பழகுவதும் உணர்வதும் வேறுவிதமாக இருக்கிற வளர்ச்சி நிலை) அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. நாங்கள் அதற்கு முதல் "செல்லம் கூடிப்போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அடமாகத் தொடங்கி மெல்ட்டவுனாக முடிவதும் உண்டு, ஆகவே கோடு போட்டுப் பிரிக்கப் போக வேண்டாம்.

படி 2: முதலில் உடம்பைப் பாருங்கள்

காய்ச்சல், காது வலி, மலச்சிக்கல், இரவு நித்திரையில்லை. கதைக்கத் தெரியாத பிள்ளை இதையெல்லாம் அழுதுதான் சொல்லும்.

படி 3: ஒரு கொப்பி போடுங்கள்

எனக்குக் கைகொடுத்தது இதுதான். 80 பக்கக் கொப்பி போதும். எத்தனை மணி, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, நாம் என்ன செய்தோம், எவ்வளவு நேரம் எடுத்தது. "கோபப்பட்டான்" என்று எழுதாமல் "காதைப் பொத்தினான், கதவில் தலையை இடித்தான்" என்று கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

மூன்றரை வயதுப் பையன் ஒருவன். பின்னேரம் மூன்றே முக்கால் ஆனால் தரையில் விழுவான். அம்மா பிந்தி வருவதால் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டோம். இரண்டு கிழமை எழுதிப் பார்த்தால், நல்ல மழை பெய்த நாட்களில் மட்டும் ஒன்றுமில்லை! மழைக்கு வராதது எது? பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைகளில் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ. அப்படியென்றால் அந்தப் பாட்டுச் சத்தம் அவனுக்கு ஆகாது என்று நினைத்து யன்னலைப் பூட்டினேன், அன்றைக்கு இன்னும் மோசமாகப் போய்விட்டது. பிறகு பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் விளங்கியது, பாட்டு அவனுக்குச் சரியான விருப்பம். ஓட்டோ ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது பாட்டு பாதியில் அறுந்துபோவதுதான் பிரச்சினை. இப்போது ஓட்டோ வர முதலே ஓட்டோப் படத்தைக் காட்டி "பாட்டு வரும், போகும்" என்று சொல்லிவைத்து, அது போனதும் போனில் அதே பாட்டை முடியும்வரை போட்டுவிடுகிறோம். எல்லா நாளும் சரிவராது, ஆனால் கொப்பியில் பின்னேரப் பக்கங்கள் குறைந்திருக்கின்றன.

படி 4: வருமுன் தெரியும்

காதைப் பொத்துவது, ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்வது, அங்குமிங்கும் நடப்பது, கையை வேகமாக உதறுவது. சில பிள்ளைகள் திடீரென்று அமைதியாகி மேசைக்கடியில் போய் இருந்துவிடுவார்கள், அதையும் "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடாதீர்கள். கையை உதறினால் பிடித்து நிறுத்த வேண்டாம், அது பிள்ளை தன்னைத் தானே ஆற்றுகிற வழி. இந்த நேரத்தில் சத்தமில்லாத மூலைக்குக் கூட்டிப் போனால் பல தடவை அத்தோடு முடிந்துவிடும்.

படி 5: நடக்கிறபோது

மற்றப் பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்புங்கள். லைட்டை அணையுங்கள். தலையை இடித்தால் இடையில் தலையணை வையுங்கள், கிட்டத்தில் கதிரை இருந்தால் தள்ளி வையுங்கள். பிறகு தரையில், கொஞ்சம் தள்ளி, பேசாமல் இருங்கள். இறுக்கிக் கட்டிப்பிடித்தால் சிலருக்கு ஆறும், சிலருக்கு நெருப்பு மாதிரி, அதை அம்மாவிடம் முதலே கேட்டுவையுங்கள். கொழும்பில் இன்னொரு கூத்து இருக்கிறது: ஒரு மிஸ் சிங்களத்தில் "அழ வேண்டாம்" என்பார், மற்றவர் ஆங்கிலத்தில், நான் தமிழில். மூன்று மொழியும் ஒரே நேரத்தில் அந்தப் பிள்ளையின் காதில் விழுந்தால் என்ன ஆகும்? ஒருவர் மட்டும், வீட்டு மொழியில், இரண்டு மூன்று சொல். "நான் இருக்கிறேன்" போதும்.

ஒன்று மட்டும் வேறு. கண் நிலைகுத்தி, கூப்பிட்டாலும் தெரியாமல், கை கால் விறைத்தால் அது வலிப்பாக இருக்கலாம், ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக வரும். பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 ஆம்புலன்ஸுக்குக் கோல் எடுங்கள்.

படி 6: முடிந்த பிறகு

தண்ணீர் கொடுங்கள், படுக்க விடுங்கள். "மன்னிப்புக் கேள்" வேண்டாம், புத்திமதியும் வேண்டாம், களைத்துப்போயிருக்கும்.

கேற்றடியில் மற்ற அம்மாமார் நிற்கும்போது "இன்றைக்கும் செய்தான்" என்று சொல்லாதீர்கள். உள்ளே கூப்பிட்டு அன்றைய பக்கத்தைக் காட்டுங்கள், நேற்றிரவு எத்தனை மணிக்குப் படுத்தான் என்று கேளுங்கள், அதையும் கொப்பியில் எழுதிவிடுங்கள்.