எலிக்குக் கேட்ட மருந்து நமக்குக் கேட்குமா? செய்தியைப் படிக்கும் முறை

காரைக்குடியில் 22 வருடமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் கண்டனூர் ஆச்சி ஒருவர் செல்போனை நீட்டினார். "தம்பி, பக்கவாதம் வந்த எலிக்கு இந்த மருந்து குடுத்தாங்களாம், எந்திரிச்சு நடந்திருச்சாம். எங்க அண்ணனுக்கு வாங்கிக் குடுக்கலாமா?" அண்ணனுக்குக் கை கால் விழுந்து எட்டு மாதம். ஆச்சியை உட்கார வைத்துச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

இப்படிச் செய்தி வந்தால், மருந்தை எப்போது கொடுத்தார்கள் என்று முதலில் தேடுங்கள். ஆய்வுக்கூடத்தில் பக்கவாதத்தை வரவழைக்க எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையை ஏற்றி மூளைக்குப் போகும் ரத்தத்தை நிறுத்துவார்கள். இழையை உருவினால் ரத்தம் திரும்ப ஓடும். அடைக்கும் நிமிடமும் திறக்கும் நிமிடமும் அவர்கள் கையில். பல ஆய்வுகளில் அடைப்பதற்கு முன்பே மருந்து ஏறியிருக்கும். வீட்டில் அப்படியா? என் அம்மாவுக்கு ஒரு நாள் விடியலில் பேச்சுக் குழறியது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கடை திறக்கப் போய்விட்டேன். மதியம் வந்து பார்த்தபோது வலது கை விழுந்திருந்தது. அந்த ஆறு மணி நேரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

அடுத்து, எந்த எலி என்று பாருங்கள். பெரும்பாலும் இளசாக, நோயில்லாமல் இருக்கும். ஆச்சியின் அண்ணனுக்கு 71 வயது, சர்க்கரை, பிரஷர்.

மனிதரிடம் சோதித்தார்களா என்பதையும் விடாதீர்கள். என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து எலியிலும் குரங்கிலும் மூளையைக் காத்தது. 2006-இல் வந்த முதல் பெரிய மனிதச் சோதனையும் நம்பிக்கை தந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த அடுத்த சோதனையில் பலன் இல்லை. அதோடு அந்த மருந்து நின்றது.

விலங்கு ஆய்வே வீண் என்று சொல்ல மாட்டேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் டிபிஏ ஊசி 1985-இல் முயல்களிடம் பலன் காட்டியது. 1996-இல் அமெரிக்காவில் பக்கவாதத்துக்கு அனுமதி பெற்றது. அதையும் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

அதனால் ஆச்சியிடம் மாத்திரை தரவில்லை. அண்ணனுக்குப் பிசியோதெரபியை ஒரு நாளும் விட வேண்டாம் என்றேன். வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சுக் குழறினால், கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள், புரையேறும். ஆஸ்பிரின் கேட்டு என் கடைக்கு ஓடி வராதீர்கள். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் எனக்கும் தெரியாது.